ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல

தட்டாதீங்க ஐயா, தட்டாதீங்க. கை வீங்கிடும். இரும்புக் கதவு அது. நீங்க தட்டுறது கீழ இருக்கிற வாட்ச்மேனுக்குக் கேக்காது. அவன் சாப்பிடுற நேரத்துல இடி விழுந்தாக்கூட தட்டுல விழுந்துச்சான்னுதான் பாப்பான். மேல இருக்கிறவங்களுக்குத்தான் கேக்கும். அவங்களுக்கு இப்பக் கேக்கக்கூடாது. ஏன்னா? சொல்றேன், மெதுவாச் சொல்றேன். முதல்ல இந்த முக்காலியில உக்காருங்க. உங்க முழங்காலோட நிக்க முடியாது, எனக்குத் தெரியும். என் முக்காலிதான், பரவால்ல, உக்காருங்க. இந்த லிஃப்ட்டுப் பெட்டிக்குள்ள இருக்கிற ஒரே ஆசனம் அதுதான், இன்னிக்கு டாக்டர் அமோவாவே வந்து உக்காந்தாருன்னு நான் நாளைக்கு எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சுக்குவேன். நாளைக்கு வேலை இருந்தா.

என்ன ஆச்சா? டும்சோர்தான் ஐயா, வேற என்ன. கரண்ட்டு போயிடுச்சு. இந்தக் குமாசி ஊரு கரண்ட்டு என் மச்சான் மாதிரி. வரும்போதும் சொல்ல மாட்டான், போகும்போதும் சொல்ல மாட்டான், நடுவுல இருக்கிற சோத்தை மட்டும் காலி பண்ணிடுவான்.

ஜெனரேட்டரா? அது வார்டுக்கு மட்டும்தானே ஐயா. குழந்தைங்க மெஷினுக்கு. லிஃப்ட்டுக்குக் கிடையாது. நீங்கதானே மீட்டிங்ல மேஜையத் தட்டிச் சண்டை போட்டு வாங்கினீங்க. லிஃப்ட்டு நின்னா நிக்கட்டும், எவன் மாட்டினாலும் மாட்டட்டும், என் பிள்ளைங்க மெஷின் ஒரு மூச்சு நேரம்கூட நிக்கக்கூடாதுன்னு. ஆஸ்பத்திரியே கேட்டுச்சே. நல்ல காரியம் ஐயா. அந்த எவன் இன்னிக்கு நாமதான், அவ்வளவுதான்.

ஃபோன் எடுக்காதீங்க, சிக்னல் வராது. இந்தக் கூண்டுக்குள்ள இருந்து கடவுளைக் கூப்பிட்டாலும் சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும்னுதான் வரும். அலாரம் பட்டனா? சிவப்பா இருக்கே, அதுவா? அது போன மழைக்கே செத்துப் போச்சு. அடக்கம் பண்ணத்தான் ஆளு வரல.

தெரியும் ஐயா. அவசரம்னு தெரியும். மூணாவது மாடில அந்தக் குட்டி விருந்தாளிக்கு மூச்சுக்குழாய் போடணும். காலையிலேருந்து மூக்குல காத்து வெச்சுத் தள்ளிட்டிருக்காங்க, பிள்ளை களைச்சுப் போச்சு, இனிமே தானா இழுக்க முடியாது. நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாதுன்னு நீங்க ஃபோன்ல போட்ட சத்தம் கீழ வராந்தாவுக்கே கேட்டுச்சு. ஊசி போட உக்காந்திருந்த ஒரு ஆளு சட்டைய மாட்டிக்கிட்டு வீட்டுக்கே போயிட்டான்.

விருந்தாளின்னு ஏன் சொல்றேனா? எட்டு நாள் ஆகலியே ஐயா. நீங்களும் அசாந்தி இனத்து வீட்டுப் பிள்ளைதானே. எட்டு நாள் வரைக்கும் அது வந்த விருந்தாளி. இருக்குமோ, திரும்பிப் போயிடுமோ. நம்மளுதுன்னு வாய்விட்டுச் சொல்லக்கூடாது, சந்தோசப்படக்கூடாது, போயிட்டா அழவும் கூடாது. சும்மா ஓரக்கண்ணால பாத்துட்டு, வந்தியா, சரி, உக்காருன்னு இருக்கணும். உங்க புத்தகத்துல இல்லாம இருக்கலாம். எங்க சந்துல இன்னும் அப்படித்தான்.

கொஞ்சம் தண்ணி குடிங்க. பாக்கெட்டுத் தண்ணிதான், ஓரத்தைக் கடிச்சு உறிஞ்சுங்க. வேர்த்து ஊத்துது பாருங்க உங்களுக்கு. காத்தாடியும் நின்னு போச்சுல்ல. சுட்ட வாழைக்காய் இருக்கு, வேர்க்கடலையும் இருக்கு. வேணாமா? சரி. எனக்கும் இறங்காது இன்னிக்கு.

எது? ரேடியோவா? ஆமா, கேக்குது. ரெண்டாவது மாடி கேன்டீன்ல கால்பந்து கேக்குறாங்க. அதெப்படி கரண்ட்டு இல்லாமயா... பேட்டரி ரேடியோ ஐயா அது. நீங்க ஒண்ணு, எல்லாத்தையும் கவனிச்சுக்கிட்டு.

கத்தாதீங்க! மன்னிச்சுக்கோங்க, கையப் பிடிச்சுட்டேன். ஆனா கத்தாதீங்க ஐயா, உங்க கால்ல விழுறேன். அண்ணாந்து பாருங்க, கூண்டு மேல சல்லடை மாதிரி ஓட்டை இருக்குல்ல? இதுக்கு நேர் மேலதான் மூணாவது மாடிக் கதவு, கதவை ஒட்டினாப்புல பிள்ளைங்க வார்டு. இங்க தும்மினா அங்க யாரோ ஆண்டவரேங்கிறாங்க. அங்க பேசுறது எனக்கு இங்க விழும். எத்தனை வருசமா இந்த ஓட்டை வழியாத்தான் நான் ஆஸ்பத்திரி நடத்துறேன். இப்ப உங்க குரல் போச்சுன்னா அங்க என்ன ஆகும் தெரியுமா? அத்தனை கையும் அப்படியே நிக்கும். அந்தரத்துல. பிள்ளை வாய் தொறந்தபடி கிடக்கும்.

மிகையா சொல்றேனா? சரி, நான் ஒண்ணு செஞ்சு காட்டட்டா? கோபிச்சுக்க மாட்டேன்னு சொல்லுங்க. சொல்ல மாட்டீங்களா? சரி, கோபிச்சுக்கிட்டே கேளுங்க, எங்க போகப் போறீங்க. மெதுவாத்தான் செய்வேன். க்கும். க்கும். எவன் இந்தக் கதவைத் தொறந்து போட்டது? இது ஆஸ்பத்திரியா, கெஜெட்டியா சந்தையா? நான் பிடிச்சிருக்கும்போது என் முழங்கையில மூச்சு விடுறது யாரு?

சிரிக்கிறீங்களா, இருமுறீங்களா? இருட்டுல தெரியல. அந்த ரெண்டு கனைப்புதான் ஐயா விசயமே. முதல் கனைப்பு வராந்தா முனையில. ரெண்டாவது கனைப்புக்குள்ள நர்ஸுங்க எல்லாம் சுவரு ஆயிடுவாங்க.

எப்படி வந்துச்சா? நான் எல்லாரையும் அப்படியே பேசிக் காட்டுவேன் ஐயா. பாதிரியாரைச் செய்வேன், மருந்துக்கடைக்காரரைச் செய்வேன், என் மாமியார் ஆட்டை விரட்டுறதைச் செய்வேன், ஆட்டையும் செய்வேன். பள்ளிக்கூடத்துல வாத்தியாரைச் செஞ்சு காட்டித்தான் அனுப்பி விட்டாங்க. அன்னிலேருந்து படிப்பு என்னை விட்டுடுச்சு, வாய் விடல. இந்தப் பெட்டிக்குள்ள ஏறி இறங்குறவங்க குரலெல்லாம் என் தொண்டையில வந்து ஒட்டிக்கும். ஆனா உங்களுது வந்த கதை வேற. அது கிஃப்டியால வந்துச்சு.

எந்த கிஃப்டியா? பாத்தீங்களா. நாலு வருசமா உங்க வலது பக்கத்துல நிக்கிற நர்ஸ் ஐயா. குட்டையா, முன்பல் கொஞ்சம் விலகி இருக்கும். நீங்க அவளை ஏய், விளக்குன்னு கூப்பிடுவீங்க. விளக்கு பிடிக்கிறவ.

போன மழைக்கு ஒரு பிள்ளை, கென்கே சோள உருண்டை விக்கிற அம்மாவோடது, ஞாபகம் இருக்கா? இருக்கா. சரி. உங்களுக்கு அதெல்லாம் மறக்காதுன்னு வார்டுப் பெரிய நர்ஸ் போட்டெமா சிஸ்டரும் சொன்னாங்க. அன்னிக்குக் குழாய் போட்டது நீங்க. குழாய் முனையில ஒரு குட்டித் தொப்பி மாட்டுவீங்களாமே, கத்தரிக்காய் நிறத்துல. குழாய் நுரையீரல் பக்கம் போயிருந்தா பிள்ளை விடுற மூச்சு பட்டு அது மஞ்சளாகும். சோத்துப் பக்கம் போயிருந்தா கத்தரிக்காயாவே கிடக்கும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், அதுவும் அவங்க சொல்லித்தான். அன்னிக்கு அது மஞ்சளாகல. கிஃப்டி பாத்தா. நீங்க பிள்ளை முகத்தைப் பாத்துட்டிருந்தீங்க, பழைய சரக்கைத் தலையில கட்டிட்டான் கடைக்காரன், தொப்பி வேலை செய்யலன்னு கத்திட்டிருந்தீங்க. கத்தும்போது யாரு பேசுவா? நிறுத்துங்க ஐயாங்கிற சொல்லு அவ பல்லு வரைக்கும் வந்துச்சாம். பல்லுலயே நின்னு போச்சாம். பிள்ளையும் போச்சு.

...

ஐயா, அவ உங்ககிட்ட சொல்லல, யாரும் சொல்லல. உங்களுக்கு இன்னிக்குத்தான் தெரியும். அதான் முகத்தைப் பாக்காம சொல்றேன், இருட்டு நல்லதாப் போச்சு.

அன்னிக்கு அவ இந்தப் பெட்டிக்குள்ள வந்தா. எந்த மாடின்னு கேட்டேன். எதுவும் வேணாம், ஓட்டுங்கண்ணான்னா. மேலயும் கீழயும் ஓட்டினேன். எல்லாரும் இங்கதான் வந்து அழுவாங்க ஐயா, வார்டுல அழ இடம் இல்லையே. அவ அழுகை நிக்கவே இல்ல. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். க்கும், க்கும்னு கனைச்சு, இது லிஃப்ட்டா, அழுகை மடமான்னு உங்க குரல்ல கேட்டேன். பயந்து எழுந்து நின்னுட்டா. அப்புறம் என் மூஞ்சியப் பாத்துட்டு சிரிப்பும் அழுகையுமா என் தோள்லயே நாலு அடி போட்டா. அந்த நேரம் பாத்துக் கதவு தொறந்துச்சு. வெளியில போட்டெமா சிஸ்டர். இடுப்புல கை.

என் வேலை போச்சுன்னு நினைச்சேன். அவங்க என்னை மேலேருந்து கீழ பாத்தாங்க. பெப்ரா, இன்னொரு தடவை செய்யுன்னாங்க. செஞ்சேன். சனிக்கிழமை பயிற்சி அறைக்கு வான்னாங்க.

பயிற்சி அறைதான் ஐயா, பழைய துணி கிடங்கு. நீங்க எங்க வந்தீங்க, ரப்பர் பொம்மையோட விளையாட எனக்கு நேரமில்லன்னீங்களாமே. அங்க பொம்மைக்குக் குழாய் போட்டுப் பழகினாங்க. போடுறதுல பெரிய தப்பு இல்ல. சின்ன டாக்டரம்மா டச்சிவா இருக்காங்களே, அவங்க கைக்கு நடுக்கம் கிடையாது. ஆனா நான் பின்னாடி நின்னு கனைப்பேன். அவ்வளவுதான். குழாய் கீழ விழும். மறுபடி போடுவாங்க. கனைப்பேன். விழும். நான்தான்னு தெரியும் ஐயா அவங்களுக்கு! லிஃப்ட்டு ஓட்டுற பெப்ரா, காலுல ரெண்டும் வேற வேற ஜதைச் செருப்பு, எதிர்லயே நிக்கிறேன். ஆனாலும் குரல் வந்ததும் கை நின்னு போயிடும். ஒரு நர்ஸ் என் முன்னாடி முட்டி போட்டு மன்னிப்பே கேட்டுச்சு. நானும் பழக்கதோசத்துல சரி எழுந்திருன்னுட்டேன்.

சிரிக்கலாம் ஐயா, நான் சொல்ல மாட்டேன்.

அப்பத்தான் போட்டெமா சிஸ்டர் ஒரு யோசனை பண்ணாங்க. நம்ம அரசர் முன்னாடி யாராவது நேரா வாயத் தொறக்கிறோமா? இல்ல. அரசரோட வாயா நிக்கிற ஒச்சியாமிகிட்ட சொல்றோம், அவரு சொல்றாரு. எவ்வளவு கசப்பான விசயமா இருந்தாலும் அரசருக்கு அவரு மேல கோபம் வராது, ஏன்னா கையில கோல் இருக்கு, பேசுறது அவரு இல்ல, கோல். உங்க தாய்மாமாவே ஒச்சியாமிதானே ஐயா? நான் சின்னப் பையனா இருக்கும்போது திருவிழாவுல பாத்திருக்கேன், அரசருக்கு எதிர்ல நின்னு, இந்த வருசம் ஜனங்க உங்க மேல வருத்தமா இருக்காங்கன்னு என்ன தைரியமாச் சொன்னாரு. அரசர் தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டாரே. ராஜா கேக்குறாரு, டாக்டர் கேக்க மாட்டாரான்னாங்க சிஸ்டர்.

அதனால குழாய் போடுற நேரத்துல ஒருத்திக்கு வேற வேலையே கிடையாது. விளக்கு பிடிக்கக்கூடாது, மருந்து எடுக்கக்கூடாது. கை ரெண்டும் சும்மா. கண்ணு, வாய் மட்டும். தொப்பி நிறம், மெஷின்ல ஓடுற நம்பர், நேரம், இந்த மூணையும் பாத்து வாய்விட்டுச் சொல்லணும். அவ நிறுத்துன்னா கேள்வி கேக்காம நிறுத்தணும். குழாய எடுத்துட்டு மூக்கு மேல மூடி வெச்சுக் காத்து குடுத்து, பிள்ளை நிறம் திரும்பின அப்புறம்தான் அடுத்த முயற்சி. ரெண்டு தடவை தப்பினா வேற கைக்கு மாத்தணும். தொடங்கறதுக்கு முன்னாடியே அந்த வேற கை யாருன்னு எல்லார் முன்னாடியும் பேர் சொல்லிடணும். ஒச்சியாமி கிஃப்டி. கோல் வேணுமேன்னு கேன்டீன்லேருந்து பாங்குக் களி கிண்டுற அகப்பையத் தூக்கிட்டு வந்தேன். பயிற்சி அறைக்கு மட்டும்தான் ஐயா, வார்டுக்குள்ள கொண்டு போகல, பயப்படாதீங்க.

முதல் சனிக்கிழமை அகப்பையோட நின்னா, அவ்வளவுதான். வாய் தொறக்கல. அடுத்த சனிக்கிழமை ஏதோ கொசு முனகின மாதிரி. நான் விடல, உங்களை விட சத்தமாக் கத்தினேன். ஏய் விளக்கு, உன்னை எவன் பேசச் சொன்னான்னேன். அன்னிக்குத்தான். அகப்பைய ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டா. நிறுத்துங்க ஐயா, தொப்பி மஞ்சளாகலன்னா. அறையே அதிர்ந்துச்சு. எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. ஏன் தெரியுமா? உங்களை நான் எல்லா மாதிரியும் செய்வேன், கோபமா, பசியா, தும்மும்போது எல்லாம். ஆனா இதுக்கு நீங்க என்ன பதில் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியல. எப்படித் தெரியும், உங்ககிட்ட யாரும் அதைச் சொன்னதே இல்லையே, நான் கேட்டதும் இல்லையே.

என்ன சொல்வீங்க ஐயா?

சரி, யோசிச்சுச் சொல்லுங்க.

இருங்க. இருங்க, பேசாதீங்க. மேல கேக்குது பாருங்க. தொடங்கிட்டாங்க.

டச்சிவா அம்மா குரல் அது. குழாய் அளவு சொல்றாங்க. அடுத்த கை சிஸ்டர் போட்டெமான்னு சொல்றாங்க. வலி தெரியாம இருக்க மருந்து போயாச்சுன்னு யாரோ சொல்றாங்க. எல்லாரும் சரின்னு ஒவ்வொருத்தராச் சொல்லணும், அதான் அந்த முணுமுணுப்பு. நல்லாச் செய்றாங்க ஐயா. பொம்மைக்குச் செஞ்ச மாதிரியே.

எழுந்திருக்காதீங்க. யாரைக் கேட்டுத் தொடங்கினாங்கன்னு அப்புறம் கேளுங்க, நானே சொல்றேன். இப்ப கதவுகிட்ட போனீங்கன்னா நான் குறுக்க நிப்பேன். வயசுல பெரியவரைத் தொட்டுத் தள்ளின பாவம் எனக்கு வேணாம். உங்க கை மேல எனக்குச் சந்தேகமே கிடையாது. உங்க கை தொட்டு மூச்சு வந்த பிள்ளைங்க இன்னிக்குக் குமாசி முழுக்க டாக்ஸி ஓட்டுது, தேர்தல்ல நிக்குது. கையில குறையே இல்ல ஐயா. காதுலதான்.

சத்தமே இல்ல.

எனக்கு இந்தச் சத்தமில்லாததுதான் ஆகாது. இதுக்குத்தான் நான் பேசிக்கிட்டே இருக்கிறது. கேன்டீன் ரேடியோவை எவனாவது அணைச்சா என்ன. எந்த நேரத்துல கோல் அடிக்கிறானுங்க பாரு.

கேட்டுச்சா? ஐயா, கேட்டுச்சா? கிஃப்டி. நிறுத்துங்கன்னுட்டா. மஞ்சளாகல. ஆண்டவரே. மஞ்சளாகல.

இல்ல, உக்காருங்க. நீங்க உக்காருங்க, நான் சுவத்துல சாஞ்சுக்கிறேன். எடுத்துட்டாங்களா? கேளுங்க, உங்களுக்குத்தான் அந்தப் பாசை புரியும். எடுத்துட்டாங்க? மூடி வெச்சுக் காத்து குடுக்கிறாங்க? அதுதான் சரியா ஐயா? நீங்களா இருந்தாலும் அதைத்தான் செய்வீங்களா? தலையாட்டினா எனக்குத் தெரியாது, வாயால சொல்லுங்க.

சரி. சரின்னு சொன்னீங்களே. அது போதும்.

நம்பர் சொல்றா பாருங்க கிஃப்டி. ஏறுதா? ஏறுதுன்னா நல்லதா? இந்த நம்பர் ஏறினா நல்லது, லிஃப்ட்டு மாதிரி. ஏறட்டும். ஏறட்டும்.

மறுபடி போறாங்க.

ஐயா, நீங்க என் கையப் பிடிச்சிருக்கீங்க. இல்ல இல்ல, விட வேணாம். பிடிச்சுக்கோங்க.

மஞ்சள்! மஞ்சள்ங்கிறா! எல்லாரும் சொல்றாங்க கேளுங்க, மஞ்சள், மஞ்சள்னு, கெஜெட்டியா சந்தையில சாயத்துணி விக்கிற மாதிரி! ஒச்சியாமி சொன்னா எல்லாரும் திருப்பிச் சொல்லணும், அதான் முறை. ரெண்டு பக்கமும் காத்து சமமாப் போகுதுன்னு டச்சிவா அம்மா சொல்றாங்க. அப்படியா ஐயா? அப்ப உக்காந்துடுச்சா? குழாய் உக்காந்துடுச்சா?

இருங்க. கண்ணுல வேர்வை விழுந்துடுச்சு.

சரி. இனிமே கேளுங்க. யாரைக் கேட்டுத் தொடங்கினாங்கன்னு கேட்டீங்கல்ல. உங்களைக் கேட்டுத்தான் ஐயா. நீங்க வராந்தாவுல நின்னு வாட்ச்மேனைத் திட்டிட்டிருந்தீங்களே, ஸ்ட்ரெச்சர் வழியில பைக்க நிறுத்தினதுக்கு? அந்த நேரம் லிஃப்ட்டுப் பக்கத்துச் சுவத்து ஃபோன்ல நீங்க மூணாவது மாடியக் கூப்பிட்டீங்க. க்கும், க்கும். முதல்ல சொன்னதை விடுங்க. எனக்கு வர நேரமாகும், பிள்ளை காத்திருக்காது. டச்சிவா போடட்டும், கிஃப்டி கை சும்மா நிக்கட்டும். நல்லாச் செய்வீங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டீங்க. அந்தக் கடைசி வார்த்தைதான் நான் சொதப்பினது. உங்க வாயில அது வராதே. மாட்டிக்கிட்டேன்னு நினைச்சேன். ஆனா அந்தப் பக்கம் டச்சிவா அம்மா மூக்க உறிஞ்சுற சத்தம்தான் கேட்டுச்சு. நன்றி ஐயான்னாங்க. அழுதிருக்காங்க.

போலீஸா? கூப்பிடுங்க. டாக்டர் மாதிரிப் பேசினா ஜெயில்தான், எனக்குத் தெரியாதா. போட்டெமா சிஸ்டர் மேல ஒரு பழியும் இல்ல, அவங்களுக்கு இது ஒண்ணும் தெரியாது. டச்சிவா அம்மாவை மட்டும் திட்டாதீங்க. அவங்க நீங்க சொன்னதாத்தான் நினைச்சுக்கிட்டிருக்காங்க. முடிஞ்சா அதை நீங்க சொன்னதாவே வெச்சுக்கோங்க.

கிஃப்டிதான் நிறுத்துன்னு சொல்லப் பழகிட்டாளே, அப்புறம் நான் வந்தா என்னன்னா? நல்லாக் கேட்டீங்க. என்கிட்ட சொல்லப் பழகிட்டா ஐயா. உங்ககிட்ட இன்னும் சொன்னதில்ல. என்னிக்காவது சொல்லுவா, சொல்லியே ஆகணும். ஆனா அந்த முதல் தடவை இந்தப் பிள்ளை மேல வேணாம்னு தோணுச்சு. சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. டச்சிவா அம்மாவுக்கு ரெண்டாவதும் தப்பியிருந்தா, சிஸ்டருக்கும் தப்பியிருந்தா, இந்த ஊர்லயே நல்ல கைய நான் இங்க பெட்டியில அடைச்சு வெச்சிருந்தேன். அந்தக் கணக்கு எனக்குத் தெரியாம இல்ல. இவ்வளவு நேரமும் உங்க பக்கத்துல அதோடதான் நின்னேன்.

அடைச்சு வெச்சேன்னா சொன்னேன்? ஆமா. சொல்லிட்டேன்.

கரண்ட்டு போகவே இல்ல ஐயா. அது சாதாரண ரேடியோதான், கேன்டீன்ல சுவத்துல சொருகினது. இந்தப் பழைய பெட்டியில சாவியத் திருப்பினா எல்லாம் போயிடும், விளக்கும் காத்தாடியும். சாவி என் செருப்புக்குள்ள இருக்கு. இந்தப் பக்கம், நீலச் செருப்பு. குத்துது வேற.

இதோ. வெளிச்சம் வந்துடுச்சு. கண்ணைக் கூசுதா? ஐயோ, உங்க கண்ணும் சிவந்துதான் இருக்கு.

ஏன்னு கேக்குறீங்க. எல்லாப் பிள்ளைக்கும் இப்படி லிஃப்ட்டை நிறுத்துவியான்னு. இல்ல ஐயா, அவ்வளவு நல்லவன் இல்ல நான். அதோட அம்மா பேரு அடோமா, பிரசவ வார்டுல சன்னல் ஓரக் கட்டில். இதுக்கு முன்னாடி வந்த விருந்தாளிங்க எல்லாம் வாசலோட திரும்பிப் போனவங்க, ஒருத்தரும் உள்ள வரல. இவ வெள்ளிக்கிழமை வந்தா. வெள்ளிக்கிழமைப் பொண்ணுக்கு அஃபுவாங்கிற நாள் பேரு தானா வந்து ஒட்டிக்கும், அதுக்கு யாரும் அனுமதி குடுக்க வேணாம். பெப்ராங்கிறதை நான் எட்டாம் நாள்தான் சேக்கணும். அதுவரைக்கும் சொல்லக்கூடாது. நான் சொல்லல பாருங்க. நீங்களா புரிஞ்சுக்கிட்டா நான் என்ன பண்றது.

மூணாவது மாடி. பாத்து ஐயா, படி ஒரு விரல் உயரமா நிக்கும், தடுக்கும். நீங்க முன்னாடி போங்க. நான் வரல. எனக்கு இங்கேருந்து ரெண்டு எட்டுதான், ஆனா கால் வரல. நீங்க போய் உங்க கண்ணால பாத்துட்டு, அவ எப்படி இருக்கான்னு இந்தக் கதவுகிட்ட வந்து சொல்லுங்க. உங்க குரல்லயே சொல்லுங்க ஐயா. என்னால அதைச் செய்ய முடியாது. கத்தியே சொல்லுங்க, பரவால்ல.